ஆயிரமாவது மாடி – 14. மூடிய கதவு

போன வாரம் நுகுயி குடும்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். மீன் ஆறிப்போனதுதான் மிச்சம். "படம் எடு. நான் தடுக்கலை. ஆனா கடைசியில அந்தக் கதவைத் திறக்காதே" என்று மகளிடம் சொல்லிவிட்டு மிட்சுயோ குளிக்கப் போனாள். வெகுநேரம் குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தமே வரவில்லை. அதைக் கவனித்தது அவள் கணவன் ஷோகிச்சி மட்டும்தான். கவனிப்பான், வாயைத் திறக்க மாட்டான். அவன் சுபாவம் அது.

இந்த வாரம்தான் நம்மோடு சேருகிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மிட்சுயோ ஒரு காலத்தில் பையன்கள் படிக்கும் வாரப் பத்திரிகையில், ஓர் ஆணின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, விஞ்ஞான மங்கா வரைந்தவள். 'ஆயிரமாவது மாடி' என்று அந்தப் படக்கதைக்குப் பெயர். மேகத்துக்குள் நுழையும் ஒரு கோபுரம். அதில் ஒரே ஒரு லிஃப்ட். அதை ஓட்டுவது ஒரு கிழட்டு இயந்திர மனிதன். தலைமுறை தலைமுறையாக எல்லாரையும் ஏற்றி இறக்கியவன், எந்த மாடியிலும் தான் இறங்கியதில்லை. உச்சி மாடியைப் பார்த்தே தீருவேன் என்று ஒரு சிறுமி அவனோடு ஏறுகிறாள்.

கதை பாதி வழியில் இருக்கும்போதே பத்திரிகை அதை நிறுத்திவிட்டது. கடைசி இதழின் கடைசிப் பக்கம் முழுக்க ஒரு மூடிய லிஃப்ட் கதவு. வேறு ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் என்ன என்று விசிறிகள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். வரைந்தவளோ அந்த வாரமே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வாரம்தான் மகள் சிகுசா பிறந்தாள்.

அந்தச் சிகுசாதான் இப்போது அதைப் படமாக எடுக்கிறாள். தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சிப் படம் எடுத்துப் பிழைக்கிறவள். கடன் வாங்கின கேமரா, சம்பளம் கேட்காத நண்பர்கள், மூடிப்போன பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டுக் கூடம். பதிப்பகம் உரிமை கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டது. படத்தின் முடிவை மூலக்கதை ஆசிரியர் ஏற்க வேண்டும். ஆசிரியர் யார்? அம்மா. அம்மா என்ன சொல்கிறாள்? திறக்காதே என்கிறாள்.

இன்றைக்குக் கடைசி நாள் ஷூட்டிங். கதவுக் காட்சி ஒன்றுதான் பாக்கி.

*

காலையில் மிட்சுயோ சமையலறையில் சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஷூட்டிங் ஆரம்பித்த நாளிலிருந்து இது நடக்கிறது. படப்பிடிப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். ஆனால் சோறு மட்டும் தவறாமல் போகும், புளிப்பு உமே ஊறுகாய் வைத்தது ஒரு டப்பா, கடல்பாசி வைத்தது ஒரு டப்பா.

"கேமராக்காரனுக்கு உமே ஆகாதாமே? கடல்பாசி டப்பாவை அவன்கிட்ட குடு" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஷோகிச்சி.

"நேத்து திரும்பி வந்த டப்பாவைப் பார்த்தா தெரியாதா?"

ஷோகிச்சி டப்பாக்களைத் துணியில் முடிந்துகொண்டு நின்றான். போகவில்லை.

"என்ன?"

"இன்னிக்கு நீயும் வாயேன், மிட்சுயோ."

"சாயங்காலம் எப்படியும் அங்கதான் வரப்போறேன். வாலிபால் இருக்கு."

"அதைச் சொல்லலை."

"எனக்கும் புரியுது, நீ அதைச் சொல்லலைன்னு." கையில் ஒட்டிய சோற்றைக் கழுவினாள். "அப்புறம், அந்தக் குளியல் தொட்டி மூடியை இன்னிக்காவது வீட்டுக்குக் கொண்டு வா. ரெண்டு மாசமா நான் குளிக்கப் போறதுக்குள்ள தண்ணி பச்சைத் தண்ணியா ஆகிடுது."

வீட்டில் ஒருவர்பின் ஒருவராக இறங்கிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டியின் சுருள் மூடி எங்கே போனது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். லிஃப்ட்காரனின் மார்பும் முதுகும் அதுதான். வரிவரியாக மடிப்பு விழும் அந்தப் பிளாஸ்டிக் மூடிக்கு வெள்ளி வர்ணம் அடித்தால் அச்சு அசல் இயந்திர விலா எலும்பு. தலை, பள்ளிக்கூடச் சமையலறையில் துருப்பிடித்துக் கிடந்த பெரிய சோற்றுப் பானை. அதற்குள் தினமும் தலையை விட்டுக்கொள்கிறவன் நம் ஷோகிச்சி. மகளுக்கு வேறு நடிகர் கிடைக்கவில்லை. அந்தப் பானைக்குள் நுழையும் தலை வேறு யாருக்கும் இல்லை என்பதும் உண்மை.

இடுப்புக்குக் கீழே உடையே கிடையாது. பயந்துவிடாதீர்கள், கால்சட்டை உண்டு. லிஃப்ட்காரன் எந்த மாடியிலும் இறங்குவதில்லை, அவன் காலைக் கேமரா பார்க்கப்போவதும் இல்லை என்பதால் கால் செய்வதற்குச் சிகுசா வர்ணத்தையும் நேரத்தையும் வீணாக்கவில்லை. மேலே வெள்ளி ராட்சசன், கீழே பழைய ட்ராக் பேண்ட்டும் வீட்டுச் செருப்பும்.

வாசலில் ஷோகிச்சி ஷூ மாட்டிக்கொண்டே கேட்டான். "ஏன் திறக்கக் கூடாதுங்கறே?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். தலையைக் குனிந்தபடி சைக்கிளை எடுத்தான். இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் கோளாறு. அது பிற்பகலில் வெடிக்கும்.

*

கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு மூன்று எரிந்தும் குளிர் போகவில்லை. நடுவே லிஃப்ட் நின்றது. மூன்று சுவர், ஒரு கதவு. வீட்டுச் சுவருக்குள் வைக்கிற வெள்ளை நுரைப் பலகையில் ஷோகிச்சியே அறுத்துச் செய்தது. ஷோகிச்சி வெகுகாலம் ஒரு வீடு கட்டும் நிறுவனத்தில் வரைபடம் போட்டவன். கோடு என்று போட்டால் நூல் பிடித்ததுபோல் இருக்கும். கேமராக்காரன் நாகுமோ முதல் நாளே அந்தக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், மங்காவுல இருக்கிற கதவு அப்படியே வந்திருக்கு! திருகாணிகூட மாறலை" என்று வாயைப் பிளந்தான். ஷோகிச்சி, "ம்ம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

"அப்பா, செருப்பு!" என்றாள் சிகுசா.

லிஃப்டிலிருந்து வெளியே வந்தால் நீல நிற உடற்பயிற்சி மெத்தைகள் விரித்திருக்கும். மரத்தரை கீறாமலிருக்க ஏற்பாடு. மெத்தையில் யாரும் காலில் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு ஏறக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. சிகுசா இதே பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து எழுதியிருக்கிறது. முதல் இரண்டு நாளும் ஷோகிச்சி மறந்து ஏறித் திட்டு வாங்கினான்.

"கழட்டிட்டேன், கழட்டிட்டேன்."

"இன்னிக்கு ரெண்டு விதமா எடுக்கப்போறோம்" என்று சிகுசா எல்லாரையும் அடுப்பைச் சுற்றி உட்கார வைத்துச் சொன்னாள். "ஒண்ணு, கதவு மூடியே இருக்கும். அம்மா சொன்ன மாதிரி. இன்னொண்ணு..."

"திறக்கும்" என்றாள் மினோரி. சிறுமியாக நடிக்கிறவள். நாடகக் கல்லூரியில் படிக்கிறாள், வயது இருபது, கேமராவில் பன்னிரண்டு.

"திறக்கும். வெளியில வெள்ளைத் துணி. பின்னாலேர்ந்து ஒரு விளக்கு. கண்ணு கூசற மாதிரி வெளிச்சம். அவ்வளவுதான்."

"அந்த வெளிச்சத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதான் அர்த்தம்."

"அர்த்தமா, துணியைத் தவிர நம்மகிட்ட வேற எதுவும் இல்லையா?" என்றான் நாகுமோ கடல்பாசி உருண்டையைக் கடித்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். சிகுசாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு. முப்பது வருஷத்துக்கு மேலாக மூடிக்கிடக்கும் கதவைத் திறந்து ஒரு போர்வையைக் காட்டப்போகிறோம் என்பது அவளுக்கும் தெரியும். மூடியே வைத்தால் அது அம்மா ஏற்கெனவே வரைந்து முடித்த பக்கம், இவள் படம் அல்ல. திறந்தால் பொய். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள் பாவம்.

அவர்களுக்கு அவகாசமும் சாயங்காலம் வரைதான். அதற்குப் பிறகு கூடம் எங்கள் பேட்டைப் பெண்கள் வாலிபால் குழுவுக்கு. டோக்கியோவிலிருந்து பெரிய நடிகரே வந்தாலும் குழுத் தலைவி குவாபாரா அம்மாள் வலையைக் கட்டாமல் விட மாட்டாள்.

*

மூடிய கதவுக் காட்சி சுலபமாக முடிந்தது. கதவு நடிப்பதில் தப்பு செய்யாது.

திறக்கும் காட்சிதான் படுத்தியது. பக்கத்துக்கு ஒருவராகக் கதவை இழுத்தார்கள். ஒரு தடவை துணி விழுந்தது. ஒரு தடவை அதற்குப் பின்னால் கூடைப்பந்து வளையம் தெரிந்தது. ஒரு தடவை எல்லாம் சரியாக வந்தபோது ஷோகிச்சி பானைக்குள் தும்மினான். பானை கோயில் மணி மாதிரி அதிர்ந்தது.

"இன்னொரு டேக்" என்றாள் சிகுசா.

கதவு விலகியது. வெள்ளை வெளிச்சம் அடித்தது. அந்த வெளிச்சத்துக்குள் ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. முழங்காலில் தடுப்புறை, கழுத்தில் துண்டு, கையில் ஷூப் பை.

"கட்!" என்று கத்திய சிகுசாவுக்கு அப்புறம்தான் முகம் தெரிந்தது. "அம்மா..."

மிட்சுயோ துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். "நான் படம் பார்க்க வரலை. வாலிபாலுக்கு வந்தேன். கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன், அவ்வளவுதான்." திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "திறந்துட்டே."

"ரெண்டு விதமா எடுக்கறேன்மா. மூடினதும் எடுத்தாச்சு."

"திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. ஏன்னு சொன்னியா?" சிகுசாவின் குரல் ஏறியது. நண்பர்கள் எதிரில் அழக் கூடாது என்று அவள் போட்டிருந்த கட்டுப்பாடு இந்த இடத்தில்தான் தளர்ந்தது. "நான் பன்னெண்டு வயசுல ஒளிஞ்சு உக்காந்து உன் கதையைப் படிச்சேன். இந்தக் கதவைப் பத்திக் காலேஜ்ல ஆராய்ச்சியே பண்ணினேன். 'மூடிய கதவின் மௌனம்'னு. உன்கிட்ட குடுத்தேன். படிச்சியா நீ?"

"படிச்சேன்."

"என்ன சொன்னே? சாப்பிட வான்னு சொன்னே! எத்தனை வருஷமாச்சு? மேல என்னதான் இருக்கு? ஒரே ஒரு தடவை சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. அப்புறம் கதவை மூடியே வைக்கறேன்."

மிட்சுயோ கழுத்துத் துண்டின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது சோற்றுப் பானைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தக் கதவை வரைஞ்சது அம்மா இல்லை. நான்."

எல்லாரும் பானையையே பார்த்தார்கள். ஷோகிச்சியால் அதைத் தானாகக் கழற்ற முடியாது, பின்னால் கொக்கி. அதனால் உள்ளே இருந்தபடியே சொன்னான். முகம் தெரியாதது ஒருவகையில் அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

"உங்கம்மாகிட்ட நான் உதவியாளா இருந்தேன். அது உனக்குத் தெரியும். மனுஷங்க எல்லாம் அவங்க வரைவாங்க. கட்டடம், சுவரு, மாடிப்படி, கதவு நான். முகம் வரைய எனக்கு வராது. இன்னைக்கும் வராது. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தப்போ உங்கம்மாவுக்கு வலி எடுத்துடுச்சு. உன்னைப் பெத்துக்கப் போயிட்டாங்க. மறுநாள் காலையில பதிப்பகத்து ஆள் வந்து பக்கத்தை வாங்கிட்டுப் போகணும். நான் தனியா உக்காந்திருந்தேன். எனக்கு என்ன வரும்? கதவு வரும். வரைஞ்சேன்."

"ஷோகி!" என்றாள் மிட்சுயோ. "எதுக்கு இப்போ சொன்னே? நான்தான் வாயை மூடிட்டு இருக்கேன்ல?"

"நீ ஏன் மூடிட்டு இருந்தே? நான் உன் கதையைக் கெடுத்துட்டேன்னு. அதனாலதானே அதோட பேனாவையே வச்சுட்டே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. எனக்கே தெரியும்."

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது!" மிட்சுயோ விறுவிறுவென்று லிஃப்டுக்குள் போய் வெள்ளி விலா எலும்பில் ஒரு தட்டுத் தட்டினாள். குளியல் தொட்டி மூடி சடசடத்தது. "ஊரே அந்தக் கதவைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது. கதவைத் திறந்தா, அப்போ முதல்ல என்ன வரையறதா இருந்ததுன்னு கேப்பாங்க. அதைச் சொன்னா, வரைஞ்சது நான் இல்லைன்னு வரும். முகம் வரையத் தெரியாததால கதவு போட்டான்னு உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. என் புருஷனைப் பார்த்து ஒருத்தன் சிரிக்கக் கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். போதுமா?"

பானை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"அப்போ ஏன் வரையறதை நிறுத்தினே?" என்றான் கடைசியாக.

"இவளுக்கு மூணு வயசு வரைக்கும் தூக்கமே கிடையாது. மறந்துட்டியா? அப்புறம் பழக்கம் விட்டுப்போச்சு. அதுக்குப் போய்க் காவியம் பாடறான்."

முப்பது வருஷம் ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்து, ஒரே அடுப்பில் குளிர் காய்ந்த இரண்டு பேர், ஒருவர் வெட்கத்தை மற்றவர் காப்பாற்றுவதாக நினைத்து இப்படி வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இவர்கள்மேல் கோபம் வருகிறது, அதைவிட அதிகமாக வேறொன்றும் வருகிறது.

சிகுசா மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ... திருகாணி? கதவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் திருகாணியா இருக்கே. என் ஆராய்ச்சியில அதுக்குத் தனி அத்தியாயம் எழுதினேன். நட்சத்திரக் கூட்டத்தோட வரைபடம்னு."

"அது..." என்றது பானை. "பதிப்பகத்து ஆள் வர லேட்டாச்சு. சும்மா உக்காந்திருக்க முடியலை. போட்டுக்கிட்டே இருந்தேன்."

நாகுமோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"உன் ஆராய்ச்சியை நானும் படிச்சேன்" என்று பானை அவசரமாகச் சேர்த்துக்கொண்டது. "ரொம்ப நல்லா எழுதியிருந்தே. நான் அவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கேன்னு எனக்கே அப்போதான் தெரிஞ்சுது."

முதலில் சிரித்தது சிகுசாதான். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாதபடி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"சரி. இப்போ சொல்லு. நீ என்ன வரையறதா இருந்தே?"

மிட்சுயோ லிஃப்ட் வாசலைப் பார்த்தபடி நின்றாள்.

"அவன் இறங்குவான்" என்றாள். "அவ்வளவுதான் தெரியும். சிறுமி முன்னால போயிடறா. எல்லாரையும் இறக்கிவிட்ட அந்தக் கிழவன், கடைசியா ஒரு காலை எடுத்து வெளியில வைப்பான். அந்தக் காலை நான் வரையணும். ஆனா எது மேல வைப்பான்? மேகமா, புல்லா, வெறும் தரையா? கண்டுபிடிக்க முடியலை. அது தெரிஞ்சிருந்தா வலி வந்தாலும் வரைஞ்சு முடிச்சுட்டுத்தான் போயிருப்பேன். அன்னிக்கும் தெரியலை, இன்னிக்கும் தெரியலை. இதான் உங்கம்மாவோட பெரிய ரகசியம்."

"இறங்குவானா?" சிகுசா எழுந்தாள். "அப்பா, இறங்குறீங்களா?"

"எனக்குக் கால் இல்லையே" என்றது பானை.

*

அடுத்த சில நிமிஷங்கள் அந்தக் கூடம் எறும்புப் புற்றாகிவிட்டது. வெள்ளி டேப் ஒரு சுருள்தான் மிச்சம். ட்ராக் பேண்ட்டை முழங்கால்வரை சுற்றினார்கள். காலுறையைச் சுற்றினார்கள். செருப்பின் மேல் சுற்றும்போது டேப் தீர்ந்துபோய் இடது குதிகால் பக்கம் பழுப்பாகவே நின்றது.

"பக்கவாட்டுல, தரையோட படுத்து எடுக்கறேன்" என்றான் நாகுமோ. "வாசலும் காலும் மட்டும். வெளியில என்ன இருக்குன்னு காட்டவே வேணாம்."

"மெத்தை நீலமா தெரியுமே?"

"விளக்கு அடிச்சா தெரியாது."

அதற்குள் கதவோரம் சலசலப்பு. குவாபாரா அம்மாள் தலைமையில் வாலிபால் குழு வலைக்கம்பத்தோடு நின்றது.

"நேரமாச்சு" என்றாள் குவாபாரா அம்மாள்.

"ஒரே ஒரு டேக், குவாபாரா அம்மா" என்று மிட்சுயோ கைகூப்பினாள். தனக்காக எதையும் யாரிடமும் கேட்காதவள். "எங்க வீட்டுக்காரர் நடிக்கிறார்."

"எங்கே?"

"அதோ, பானைக்குள்ள."

குவாபாரா அம்மாள் உற்றுப் பார்த்தாள். கம்பத்தைக் கீழே வைத்தாள். பதினோரு பெண்களும் சுவரோரம் வரிசையாக முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட நிசப்தத்தை எந்த ஸ்டூடியோவிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

மிட்சுயோ கணவனிடம் போனாள். பானையின் கண் ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்து, "பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நான் சரியாப் பண்ணிடுவேனா, சென்செய்?"

உதவியாளனாக இருந்த காலத்தில் கூப்பிட்ட மரியாதைப் பெயர். கல்யாணமான பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை.

"கதவைப் போட்டு உங்க கதையைக் கெடுத்துட்டேனேன்னு இத்தனை வருஷமா..." என்று அவன் மறுபடி ஆரம்பித்தான்.

"பேசாம இறங்கு" என்றாள் அவள். "எப்பவும் இறங்குற மாதிரி இறங்கு. நடிக்காதே."

சிகுசா கையை உயர்த்தினாள். கதவு இரண்டு பக்கமும் விலகியது. மினோரியின் வெறுங்கால்கள் துள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்குள் போய் மறைந்தன. லிஃப்ட் காலியானது. வெள்ளிக் கால்கள் இரண்டும் உள்ளேயே நின்றன. நின்றுகொண்டே இருந்தன.

பிறகு வலது கால் மெல்ல முன்னே வந்தது. வாசற்கோட்டுக்கு வந்ததும் நின்றது.

எதிரே மெத்தை. சுவரில் பெரிய எழுத்து. ஷோகிச்சியின் கால்கள் யோசிக்கவில்லை. வலது கால் செருப்பிலிருந்து நழுவி வெளியே வந்தது. அப்புறம் இடது கால். வெள்ளிக் காலுறையோடு மெத்தைமேல் ஏறி நின்றான். திரும்பினான். தொட்டி மூடி விலாவெல்லாம் கிரீச்சிட, சிரமப்பட்டுக் குனிந்தான். வெள்ளிக் கையுறை போட்ட கை சட்டத்துக்குள் வந்து, இரண்டு செருப்பையும் ஒன்றாகச் சேர்த்து, முனை லிஃப்டைப் பார்க்கத் திருப்பி, ஒழுங்காக ஓரமாக வைத்தது. வீட்டுக்குள் நுழைகிற எவரும் வாசலில் செய்கிறதுதான்.

சிகுசாவின் வாய் 'கட்' சொல்லத் திறந்தது. மிட்சுயோவின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது. நகம் பதிகிற மாதிரி பிடித்தது.

கால்கள் வெளிச்சத்துக்குள் நடந்து போயின. வாசலில் அந்தச் செருப்பு மட்டும் இருந்தது. ஒன்றின் குதிகாலில் வெள்ளி இல்லை.



"கட்" என்றாள் சிகுசா மெதுவாக.

"ஐயையோ!" என்று வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "செருப்பைக் கழட்டிட்டேனே! கெடுத்துட்டேனா? இன்னொரு தடவை எடுங்க, இந்தத் தடவை கழட்ட மாட்டேன்!"

சுவரோரத்தில் குவாபாரா அம்மாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மிட்சுயோ தோளைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"வீடு" என்றாள். "மேல இருக்கிறது வீடு. மேகம், வானம், நட்சத்திரம்னு என்னென்னமோ யோசிச்சேன். எல்லாரையும் அவங்கவங்க வீட்டுல இறக்கிவிட்டவனுக்கு ஒரு வீடு. அவ்வளவுதான். எப்படித் தெரியாமப் போச்சு எனக்கு?"

"அப்போ இந்த முடிவை... ஏத்துக்கறியாம்மா?" சிகுசா கேட்டாள். "கதவு திறந்தே இருக்கலாமா?"

"கதவை மூடிட்டா அவன் செருப்பு எப்படித் தெரியும், அசடே?"

நாகுமோ தரையிலிருந்து எழுந்து கைதட்ட ஆரம்பித்தான். எல்லாரும் தட்டினார்கள். வாலிபால் குழுதான் பலமாகத் தட்டியது. கடைசிக் காட்சி முடித்த நடிகருக்குக் கொடுக்கிற பூங்கொத்தை மினோரி ஓடிப்போய் எடுத்து வந்தாள். பானையைக் கழற்றியதும் ஷோகிச்சியின் வேர்த்த தலை வெளியே வந்தது. என்ன நடந்தது என்று புரியாமல் பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

*

அரைமணியில் லிஃப்ட் இருந்த இடத்தில் வலை ஏறிவிட்டது. குவாபாரா அம்மாள் பந்தைத் தட்டிக்கொண்டே, "நுகுயி அம்மா, வாங்க" என்றாள்.

மிட்சுயோ முழங்கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நான் ஆடலை. விரல் சுளுக்கிட்டா கஷ்டம்."

வெளியே, சைக்கிள்கள் பக்கத்தில், சிகுசா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, திங்கட்கிழமை பதிப்பகத்திலேர்ந்து குஸுமி வரார், முடிவைப் பார்க்க. அன்னிக்கு வந்து கடைசிப் பக்கத்தை வாங்கிட்டுப் போனது அவர்தானே? நீ அந்தக் கதவை வரைஞ்சதைக் கண்ணால பார்த்தேன்னு அவர் முப்பது வருஷமா மேடை மேடையாப் பேசிட்டிருக்கார்மா. புத்தகத்துல கூட எழுதிட்டார்."

ஷோகிச்சி பூங்கொத்தை நழுவ விட்டான். "அவர் வந்தப்போ வீட்டுல நான் மட்டும்தானே இருந்தேன்!"

"வரட்டும், பேசிக்கலாம்" என்றாள் மிட்சுயோ. குனிந்து பூங்கொத்தை எடுத்து அவன் சைக்கிள் கூடையில், தொட்டி மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அதுக்குள்ள நமக்கு வேலை இருக்கு. போற வழியில ஸ்டேஷனரி கடையில நிறுத்து. பேனா முள்ளு வாங்கணும், மையும் வாங்கணும். பழைய மை காஞ்சு கல்லாயிருக்கும்."

"எதுக்கு?"

"கடைசிப் பக்கம் பாக்கி இருக்கே." தன் வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டாள். அதை அவனும் பார்த்தான், அவள் மறைக்கவில்லை. "கதவை நீயே வரை. திறந்த கதவு. திருகாணி எத்தனை வேணும்னாலும் போட்டுக்கோ. செருப்பை நான் வரையறேன்."